மலவழித் தொற்றும் அந்தரங்கச் சுத்தமும்

கற்பிட்டிக் குடாநாடு ஒரு மணற்கீற்று. மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றர் அகலமேயுள்ள நிலம். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்திருக்க, மணலின் அடியிலே மழைநீர் தேங்கி, கனத்த உப்புநீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. ஆழமில்லாத கிணறுகளை வெட்டி, அந்த நீரையே மக்கள் அள்ளிக் குடிக்கின்றனர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கின்றனர். மணல் எதையும் விரைவிலே உள்வாங்கும்; உள்வாங்கியதை வடித்துத் தூய்மை செய்ய அதற்கு அவகாசம் போதாது. தோட்டத்துக்கு இட்ட உரமும் கிணற்றுக்கு வருகின்றது. மலகூடக் குழியில் ஊறியதும் கிணற்றுக்கு வருகின்றது. அப்பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீரிலே நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆராய்ச்சியாளர் பல முறை அளந்து காட்டியுள்ளனர்.

கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும், நீரைக் கொதிக்கவைத்து ஆறியபின் பருகுதல் வேண்டும், மலகூடம் சென்று வந்தால் சவர்க்காரம் இட்டுக் கைகழுவுதல் வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகச் சென்று சொல்லும் புத்திமதிகள் இந்தக் கரையோரத்தாருக்குப் புதியன அல்ல. சிலாபத்திலும் உடப்பிலும் முந்தலிலும் புத்தளம் நகரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அவை மனப்பாடம். புத்திமதிகள் பலவானாலும் அவற்றின் உட்பொருள் ஒன்றே: ஒருவருடைய குடலிலிருந்து வெளியேறிய பொருள், எவ்வளவு சிறிய அளவிலேனும், இன்னொருவருடைய வாய்க்குள் போகலாகாது. செங்கண்மாரி, வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் முதலிய பல நோய்கள் அந்த வழியாலேயே பரவுகின்றன. 2009ஆம் ஆண்டிலே வவுனியா இடம்பெயர்ந்தோர் முகாம்களில் செங்கண்மாரி பரவியதும் இந்த வழியினாலேயே.

இவ்வழிக்கு, கிணறும் ஈயும் சோற்றுக்கடையும் இடைநில்லாத ஒரு குறுக்குப் பாதையும் உண்டு. வயது வந்த இருவர் மனமொத்துக் கூடும்பொழுது, ஒருவருடைய வாய் மற்றவருடைய மலவாயை, அதாவது குதத்தை, அல்லது அதனைச் சூழ்ந்த தோலைத் தொடுதல் என்பது அது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் தமிழில் இல்லை. பேசாதிருப்பதனால் ஒரு வழக்கம் இல்லாமற் போவதில்லை. அதனால் வரும் நோய்க்குக் காரணம் தெரியாமற் போவது மட்டுமே நிகழ்கின்றது. கணவன் மனைவியரிடையிலும், ஆணும் ஆணும் அல்லது பெண்ணும் பெண்ணும் கூடும் உறவுகளிலும், எல்லாத் தேசங்களிலும் இது காணப்படுவதை வைத்திய நூல்கள் கூறுகின்றன. அது தகுமா தகாதா என்னும் விசாரணை வைத்தியரின் வேலையன்று. எது எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பதே அவருடைய விசாரணை.

குடலிலிருந்து வரும் கிருமிகளுள் சில, நோயை உண்டாக்க மிகச் சிறிய தொகையே போதுமானவை. இரத்தமும் சளியுமாக வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லா என்னும் பற்றீரியாவில் 10 முதல் 100 வரை உட்சென்றாலே ஒருவர் நோயாளியாகலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு மலத்திலும் இதற்குப் பல மடங்கு கிருமிகள் இருத்தல் கூடும். ஆதலின் பார்வைக்குச் சுத்தமாயிருத்தல் வேறு, கிருமியில்லாதிருத்தல் வேறு. நாற்றமில்லை, அழுக்கில்லை என்பதை அடையாளமாகக் கொள்வோர் ஏமாறுவது இங்கேதான். நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுவது கிருமிகளின் தொகையைக் குறைக்கும். தொகை குறைந்தால் அபாயமும் குறையும். ஆயினும், குடலின் உள்ளேயிருந்து சற்றுச் சற்றாக வெளிவந்துகொண்டிருப்பதை வெளித்தோலைக் கழுவி நிறுத்திவிட இயலாது.

இந்நோய்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, செங்கண்மாரியை உண்டாக்கும் ஈரல் அழற்சி ஏ வகை. இது ஒரு வைரசினால் வருவது. உட்சென்ற வைரசு உடனே தன்னைக் காட்டுவதில்லை. 15 நாள் முதல் 50 நாள் வரை, சராசரியாக 28 நாள், மறைந்திருக்கும். அதன்பின் காய்ச்சல், களைப்பு, குமட்டல், உணவில் வெறுப்பு ஆகியன தோன்றிச் சிறுநீர் கறுத்துக் கண் மஞ்சளாகும். ஆனால் கண் மஞ்சளாவதற்கு முந்திய இரு வாரங்களிலேயே மலத்தில் வைரசு மிகுதியாக வெளியேறுகின்றது. ஒருவர் தாம் நோயாளி என்று அறியாத அந்நாள்களிலேதான் பிறருக்கு மிகுதியும் நோயைக் கொடுக்கின்றார். இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால், "நோயுள்ளவர்போல் தோன்றவில்லையே" என்னும் சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பது தெரியவரும்.

கிராமங்களிலே செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பதும், எண்ணெயும் இறைச்சியும் நீக்கிப் பத்தியம் காப்பதும் நெடுநாளைய வழக்கம. நோய் பெரும்பாலும் சில வாரங்களிலே தானாகவே தணிவதால் மருந்துக்குப் புகழ் சேர்கின்றது. உண்மையில் ஏ வகை வைரசைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஓய்வும் நீரும் தக்க உணவும், ஈரலைத் தாக்கும் மருந்துகளையும் மதுவையும் விலக்குதலுமே சிகிச்சை. சிறு பிள்ளைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் வந்த சுவடே தெரியாமற் போய்விடும். வளர்ந்தவர்களை அது வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தும். அரிதாக ஈரல் செயலிழந்து மரணமும் நேரும். முற்காலத்திலே பிள்ளைப் பருவத்திலேயே பெரும்பாலோருக்கு அது வந்து போய், ஆயுள் முழுவதும் நிற்கும் எதிர்ப்புச் சக்தியை விட்டுச் சென்றது. மலகூடமும் சுத்த நீரும் பெருகப் பெருக, அவ்வாறு பெறாத இளைஞரின் தொகை பெருகியுள்ளது. சுகாதாரம் முன்னேறியதனாலேயே வளர்ந்தோர் இந்நோய்க்கு இலக்காகும் புதுமை இது. சுகாதாரத்தைக் குறைத்து அதற்குப் பரிகாரம் தேடுவார் எவரும் இலர், பரிகாரம் தடுப்பூசியே.

மேற்கூறிய குறுக்குப் பாதை எத்துணை வலியது என்பதை ஐரோப்பா கண்டது. 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2018 வரை அங்கு 22 நாடுகளிலே 4,000 பேருக்கு மேல் ஏ வகை ஈரல் அழற்சி உறுதிசெய்யப்பட்டது. அந்நாடுகள் பலவற்றிலே குழாய் நீர் சுத்தமானது, மலகூடங்கள் குறைவற்றவை. கெட்ட கிணறு ஒன்றையோ கெட்ட உணவு ஒன்றையோ காட்டி அதனை விளக்க முடியவில்லை. நோயாளருள் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். அவர்களுள் பலர் ஆணுடன் ஆண் கூடும் உறவினர். வாய்க்கும் குதத்துக்கும் இடையிலான தொடர்பே முக்கிய வழி என்று விசாரணையில் வெளிப்பட்டது. அதன்பின் பல நாடுகளில் அம்மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் முயற்சி வலுப்பெற்றது. ஆண்களிடையே அந்நோய் பரவியதைக் கொண்டு அது அவர்களுக்கே உரிய நோய் என எண்ணுதல் தவறு. வைரசு பாலினம் பார்ப்பதில்லை. எவருடைய குடலில் அது இருக்கின்றதோ, எவருடைய வாய் அதனைத் தொடுகின்றதோ, அவ்விருவரே அதற்கு வேண்டியவர்.

சிகெல்லாவின் கதை இன்னும் சற்றுக் கடினமானது. 1897ஆம் ஆண்டிலே ஜப்பானில் வயிற்றுளைவு கொள்ளைநோயாகப் பரவி, 90,000 பேருக்கு மேல் அதனாற் பீடிக்கப்பட்ட வேளையிலே, கியோசி சிகா என்னும் இளம் வைத்தியர் நோயாளரின் மலத்திலிருந்து அப்பற்றீரியாவைப் பிரித்தறிந்தார். அவர் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கின்றது. தொற்றிய ஓரிரு நாளில், அல்லது மூன்று நாளுக்குள், காய்ச்சலும் வயிற்று முறுக்கும் அடிக்கடி மலங்கழிதலும் தோன்றும். மலத்தில் இரத்தம் காணும். உடல்வலியுள்ளவர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் குணமடைவர். குணமடைந்தபின்னும் சில வாரங்கள் வரை கிருமி மலத்தில் வெளியேறலாம்.

இங்கிலாந்திலே 2021 செப்தெம்பர் முதல் 2022 ஜனவரி வரையான நான்கு மாதங்களில், பெரும்பாலான அன்டிபயோட்டிக் மருந்துகளுக்கும் அடங்காத சிகெல்லா 47 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோரிடம் அது உடலுறவின் வழியே பரவியதென அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவித்தது. முன்னர் ஐந்து நாளில் தீர்ந்த நோய்க்கு, ஊசிமூலம் ஏற்றும் மருந்தைத் தேடவேண்டிய நிலை ஒரு சிலருக்கு உண்டாயிற்று. வைத்தியரைக் காணாமல் மருந்துக்கடையிலே சில குளிசைகளை வாங்கி விழுங்கி, வயிறு சற்று ஆறியதும் மிச்சத்தை எறிந்துவிடும் பழக்கம் எங்கே உள்ளதோ, அங்கெல்லாம் இவ்வகைக் கிருமிகள் வளர்கின்றன. வெட்கத்தால் வைத்தியசாலைக்குச் செல்லாதவரே இப்பழக்கத்திற்கு எளிதில் ஆளாகின்றனர் என்பதையும் இங்கே கருதுதல் வேண்டும்.

நெருப்புக்காய்ச்சலை நீரும் பாலும் கொண்டுவரும் நோயென்றே எல்லாரும் அறிவர். 2000ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தையும் அயல் மாநிலங்களையும் சேர்ந்த ஆண்கள் சிலருக்கு அந்நோய் ஒரே காலத்தில் கண்டது. அவர்கள் உண்ட உணவைத் துருவி ஆராய்ந்தும் பொதுவான காரணம் கிடைக்கவில்லை. இறுதியில், நோய்க்குறி ஏதுமின்றிக் கிருமியைத் தாங்கியிருந்த ஒருவரோடு அவர்கள் கொண்ட உடலுறவே காரணமெனத் துணியப்பட்டது. அரிதான நிகழ்ச்சிதான், ஆனால் வைத்தியர் கேட்கத் தவறும் கேள்வி எது என்பதை அது நன்கு காட்டுகின்றது.

பற்றீரியாவும் வைரசும் அன்றி, வேறு சில சிற்றுயிர்களும் இவ்வழியே பயணம் செய்கின்றன. கியாடியா என்பது அவற்றுள் ஒன்று. டெல்வ்ற் நகரத்துத் துணிவணிகராகிய லீவன்ஹூக், தாமே உருவாக்கிய நுண்காட்டியைக்கொண்டு 1681ஆம் ஆண்டிலே தம்முடைய வயிற்றோட்ட மலத்தை ஆராய்ந்து, துள்ளித் திரியும் சிற்றுயிர்களை அதிற் கண்டு எழுதிவைத்தார். அவர் கண்டது கியாடியாவே என்பர். நாணத்தை விட்டுத் தம் மலத்தையே பார்த்த அந்த மனிதருக்கு வைத்திய உலகம் கடமைப்பட்டுள்ளது. கியாடியா தொற்றியவருக்கு வயிறு ஊதும், நெய்ப்பற்றுள்ள துர்நாற்ற மலம் கழியும், உடல் மெலியும். சிலருக்கோ எக்குறியும் இராது. அமீபா வேறொன்று. அது குடலைப் புண்ணாக்குவதோடு நில்லாமல், சிலரிடம் ஈரலுக்குச் சென்று அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். இவ்விரண்டும் தடித்த உறை போர்த்த முட்டைபோன்ற நிலையிலே வெளியேறுவதால், நீரில் வழக்கமாக இடும் குளோரீன் அவற்றை எளிதிற் கொல்வதில்லை. கொதிக்கும் நீர் கொல்லும். கீரிப்பூச்சியின் முட்டைகளோ இரவிலே குதத்தைச் சுற்றிய தோலின்மேல் இடப்பட்டுச் சில மணி நேரத்திலேயே தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. இரவில் அவ்விடத்திலே தினவெடுத்தால் அதனை அசட்டை செய்யலாகாது. இவற்றுக்கெல்லாம் நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் இருவருள் ஒருவர் மட்டும் மருந்துண்டால், மற்றவரிடமிருந்து அது மீண்டும் வந்து சேரும். இருவரும் ஒரே காலத்திற் சோதனை செய்து மருந்துண்பதே முறை.

குடல் நோய்களைவிட, தோலும் சளிச்சவ்வும் ஒன்றையொன்று தொடுவதால் மட்டுமே பரவும் பாலியல் நோய்களும் உள. கிரந்தி எனப்படும் சிபிலிஸ் நோயின் முதற் புண் வலியற்றது. அது குதத்தின் மடிப்பிலோ உதட்டிலோ நாவிலோ தோன்றிச் சில வாரங்களில் தானே ஆறிவிடுவதால், நோய் தீர்ந்ததென்று மயங்குவோர் பலர். தீரவில்லை, உள்ளே இறங்கியிருக்கின்றது. வெட்டை எனப்படும் கொனோரியா தொண்டையிலும் குதத்திலும் எக்குறியுமின்றித் தங்கக்கூடியது. அக்கி வைரசும், பாலுண்ணியையும் சில புற்றுநோய்களையும் உண்டாக்கும் பப்பிலோமா வைரசும் இவ்வாறே. பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலை மாணவியருக்கு ஏற்றப்பட்டு வருகின்றது. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, வாயும் குதமும் தொடுவதால் மட்டும் அது தொற்றும் அபாயம் மிக மிகக் குறைவு. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்சத் தேவையில்லாததற்கு நடுங்குவது பயனற்றது.

இனிச் சுத்தத்தைப் பற்றிக் கூறவேண்டியது. புத்தளக் கரையோரத்திலே இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் மலங்கழித்தபின் நீராற் கழுவும் வழக்கமுடையோர். காகிதத்தால் துடைக்கும் தேசத்தாரினும் இது மேலான வழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழக்கத்தில் ஒரு குறை மறைந்து நிற்கின்றது: கழுவிய உறுப்பு சுத்தமாகின்றது, கழுவிய கை அசுத்தமாகின்றது. அக்கையை நீரால் மட்டும் நனைத்துவிட்டு வருவோர் பலர். நகத்தினடியிலும் மோதிரத்தினடியிலும் தங்கியது, பின்னர் துணையின் உடலுக்கும் வாய்க்கும் செல்கின்றது. நகத்தை ஒட்ட வெட்டி, சவர்க்காரத்தை நுரைக்கத் தேய்த்து, ஓடும் நீரிலே கழுவுதல் இதற்குப் போதும். மதுசாரம் கலந்த கைத்திரவத்தை நம்புவோர், அது ஏ வகை வைரசையும் கியாடியா உறைகளையும் நன்கு அழிப்பதில்லை என்பதை அறிதல் வேண்டும்.

கூடலுக்கு முன்னர் குதத்தின் வெளிப்புறத்தையும் சூழ்ந்த தோலையும் மென்மையான சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுதல் நன்று. உட்புறத்தைச் சவர்க்காரத்தாலோ கிருமிநாசினியாலோ பீச்சிக் கழுவுதல் நன்றன்று. அது உட்சவ்வைப் புண்படுத்தி, கிருமி நுழையும் வாயில்களைத் திறந்துவிடும். கடற்கரையோரத்தார் உப்புநீரைச் சுத்திகரிக்கும் பொருளாக எண்ணுவதுண்டு. களப்பிலோ கடலிலோ முழுகி எழுதல் சவர்க்காரத்துக்கு ஈடாகாது. கரையோர நீரிலே மலக்கிருமி இராதென்று சொல்லவும் முடியாது. வாயைப் பொறுத்தமட்டில், கூடலுக்குச் சற்று முன்னர் பல் துலக்குதல் ஏற்றதன்று. துலக்குங்கால் முரசு கீறி, கண்ணுக்குத் தெரியாத காயங்கள் உண்டாகும். நீராற் கொப்பளித்தலே போதும். பின்னர் கொப்பளித்தல் வாயின் சுவையை மாற்றுமேயன்றி, விழுங்கியதைத் திரும்பப் பெறாது.

நாவுக்கும் குதத்துக்கும் இடையே ஒரு மெல்லிய திரை இருப்பின், குடல் நோய்களினதும் தோல் நோய்களினதும் அபாயம் பெரிதும் குறையும். இதற்கெனச் செய்த இறப்பர்த் தாள்கள் வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை கிடையாவிடத்து, ஒரு புதிய ஆணுறையின் நுனியையும் அடிவளையத்தையும் வெட்டி நீக்கி, நீளவாக்கில் பிளந்து விரித்தால் அதுவே திரையாகும். ஒரு பக்கத்தை வாய்க்கும் மறுபக்கத்தைக் குதத்துக்கும் என்று வைத்து, இடையில் புரட்டாதிருத்தல் வேண்டும். ஒரு முறைக்குமேற் பயன்படுத்தலும் ஆகாது. தென்னை மிகுந்த இம்மாவட்டத்திலே கைக்கெட்டிய எண்ணெய் தேங்காயெண்ணெய்தான். அது பட்டால் இறப்பர் சில நிமிடத்திலேயே வலுவிழந்து கிழியும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புப் பொருளே ஆணுறைக்கும் திரைக்கும் ஏற்றது.

பெண்களின் விஷயத்தில் ஓர் ஒழுங்குமுறையைக் கவனித்தல் மிக அவசியம். குதத்தைத் தொட்ட வாயோ விரலோ கழுவப்படாமல் பெண்ணுறுப்புக்குச் செல்லலாகாது. அங்கே சிறுநீர்வாயும் அருகிலிருப்பதால், குடலில் இயல்பாக வாழும் பற்றீரியாக்கள் அவ்விடத்திற் புகுந்து சிறுநீர்க் கடுப்பையும் காய்ச்சலையும் உண்டாக்கும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகின்றது, மருந்தெடுத்தும் திரும்புகின்றது என்று முறையிடும் மனைவியர் சிலருக்கு, மருந்தைவிட இந்த ஒழுங்கே கூடிய பயன் தரும்.

வயிற்றோட்டம் உள்ளபொழுதும், மூலமோ வெடிப்போ புண்ணோ உள்ளபொழுதும், உதட்டிலே அக்கிக் கொப்புளம் உள்ளபொழுதும் இத்தகைய தொடர்பை முற்றாக விலக்குதல் வேண்டும். வயிற்றோட்டம் நின்ற அன்றே விலக்கை நீக்கிவிடலாகாது. இரு வாரமேனும் பொறுத்தல் வேண்டும்; சிகெல்லா உறுதியானால் நான்கு வாரம் பொறுத்தல் இன்னும் நன்று. ஏ வகை ஈரல் அழற்சிக்கான தடுப்பூசி, ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவிட்டு இருமுறை ஏற்றப்படுவது. நோயாளியோடு தொடர்புற்றவர்கூட, இரு வாரத்துக்குள் அதனை ஏற்றிக்கொண்டால் பெரும்பாலும் நோய் வராமற் தடுக்கலாம். பீ வகைக்கான தடுப்பூசி இலங்கைக் குழந்தைகளுக்கு 2003 முதலே வழக்கமாகக் கொடுக்கப்படத் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் தாம் அதனைப் பெற்றோமா என்று வைத்தியரிடம் விசாரித்தல் தகும்.

இக்கரையோரத்தின் வாழ்க்கை முறையிலே, நோயின் தோற்றுவாயைக் கண்டுபிடிப்பதற்குத் தடையாக ஒன்று உள்ளது. காற்றும் கடலும் மாறும்பொழுது மீனவர் குடும்பங்கள் ஒரு கரையை விட்டு மறு கரைக்குச் சென்று வாடி அமைப்பர். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஓகஸ்ரிலும் பெருங்கூட்டம் வந்து தங்கிச் செல்லும். காற்றுப் பருவத்திலே கற்பிட்டிக் கடலில் விளையாட வெளிநாட்டார் வருவர். 28 நாள் மறைந்திருக்கும் ஒரு நோய், ஓரிடத்திலே தொற்றி வேறோரிடத்திலே வெளிப்படுகின்றது. மாலுமியோ மீனவரோ விடுதிச் சமையற்காரரோ, மஞ்சள் கண்ணோடு வைத்தியசாலைக்கு வரும்பொழுது, அவர் சென்ற மாதம் எங்கிருந்தார், எவரோடிருந்தார் என்பதே முக்கியமான கேள்வி. வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், வைரசு ஈரல் அழற்சி ஆகிய மூன்றும் சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோய்கள். அறிவித்தல் வந்ததும் பரிசோதகர் வீட்டுக்கு வந்து கிணற்றையும் மலகூடத்தையும் பார்ப்பார். கிணறு குற்றமற்றிருந்தும் நோய் வந்திருப்பின், உண்மையைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே. அவர் சொல்லாதொழிந்தால் குற்றம் அயலவன் கிணற்றின்மேலோ, சோற்றுக்கடைக்காரன்மேலோ விழும். நோயோ தன் வழியே செல்லும்.

சொல்லத் தயங்குவதற்கு நாணம் மட்டும் காரணமன்று, சட்டத்தின் அச்சமும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ ஆகிய பிரிவுகள், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் சில உறவுகளையும் குற்றமாக்கின. 1995இல் 365அ பிரிவு பெண்களையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. அப்பிரிவுகளைத் திருத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்திலே உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபொழுது அம்மூலம் நிறைவேறாமலே போயிற்று. சட்டம் எவ்வாறாயினும், அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் பொலிசாரின் கிளைகள் அல்ல. தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின்கீழ் புத்தளம், சிலாபம், மாரவில ஆகிய இடங்களில் அந்நிலையங்கள் நடைபெறுகின்றன. சோதனையும் சிகிச்சையும் இலவசம். நோயாளியின் விபரம் இரகசியமாகக் காக்கப்படும்.

அங்கு செல்வோர் நீண்ட வரலாறு கூறவேண்டியதில்லை. "வாயாலும் குதத்தாலும் உறவு உண்டு, இத்தனை நாளாக வயிற்றோட்டம்" என்ற அளவிலே கூறினாற் போதும். கேட்கும் வைத்தியருக்கு அது புதுமையன்று. அவ்வொரு சொல்லைக் கேட்டபின் அவர் சிறுநீரையும் இரத்தத்தையும் மட்டும் சோதித்து அனுப்பமாட்டார். மலத்தைப் பற்றீரியாவுக்கும் அமீபாவுக்கும் கியாடியாவுக்கும் பார்ப்பார். தொண்டையிலும் குதத்திலும் பஞ்சினால் தொட்டெடுத்து வெட்டைக்குச் சோதிப்பார். கிரந்திக்கு இரத்தம் எடுப்பார். துணையையும் அழைத்து வரும்படி சொல்வார்.